புள்ளியாகச் சேமித்த எண்

எண் அவருடையது இல்லை.

அவள் திரையை மறுபடியும் பார்த்தாள். ஓடிபி அனுப்பப்பட்டுவிட்டது. நாற்பத்தேழில் முடியும் கைபேசி எண்ணுக்கு.

அவருடைய எண் பன்னிரண்டில் முடியும். அவருடைய போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. சத்தமில்லாமல்.

சாப்பாட்டு மேசையை ஒழித்து எல்லாவற்றையும் பரப்பியிருந்தாள். பென்ஷன் ரசீதுகள். பேங்க் பாஸ்புக். பான் கார்டு. இறந்துபோன கணவரின் வருமான வரிக் கணக்கு. நாளை கடைசி நாள்.

பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தங்கைதான் வழி சொன்னாள்.

"அத்தான் பேர்லயே உள்ள போய்ப் போட்டுடுக்கா. ஆள் இல்லேன்னு சொன்னா வாரிசு சர்ட்டிபிகேட்டு, அது இதுன்னு இழுத்தடிப்பாங்க. பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு அமுக்கு. அத்தான் போனுக்கு நம்பர் வரும்."

வரவில்லை.

அவர் போனை எடுத்து அந்த இரண்டு இலக்கங்களைத் தேடினாள்.

எல்லோரையும் முழுசாக எழுதி வைக்கிறவர் அவர். கேஸ் தனபால். பிளம்பர் சின்னச்சாமி. பரமசிவம், ஈ.பி. ஆபீஸ், ரிட்டயர்டு.

இந்த எண்ணுக்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.

மறைக்க வேண்டியதைத்தான் ஒருவர் இப்படி வைப்பார்.

ஆடிட்டருக்கு எதற்குக் காசு என்பார். ஜூலையில் ஒரு நாள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஃபைலோடு கிளம்புவார். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் தானே போட்டுவிடுவதாகச் சொல்வார். திரும்பி வரும்போது சந்தோஷமாக இருப்பார்.

அந்தச் சந்தோஷத்தைப் பற்றி அவள் இப்போதுதான் யோசித்தாள்.

கேட்காமலே இருந்துவிடலாம். ஆள் போன பிறகு என்ன கேள்வி.

அவர் போனிலிருந்தே அழைத்தாள்.

"என்ன சார், ஆளையே காணோம்?"

பெண் குரல். சிரிப்போடு.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சார்? ஜெகநாதன் சார்?"

"நீ யாரு?"

சிரிப்பு நின்றது. "நீங்க யாரு மொதல்ல? இது சார் போனாச்சே."

"அவர் வீட்டுல பேசுறேன்."

அந்தப் பெண்ணின் பெயர் சகாயமேரியாம். ரவுண்டு ரோட்டில் நெட் சென்டர் வைத்திருக்கிறாளாம். வருஷா வருஷம் சாருக்கு வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது அவள்தானாம். கணக்குப் போட வருகிற எல்லோருக்கும் வரி இணையதளத்தில் தன் எண்ணையே பதிந்துவிடுவாளாம். ஓடிபி வரும் நேரத்தில் ஒவ்வொருவரும் போனைத் தேடிக்கொண்டிருந்தால் கடை நடத்த முடியாதாம். சாயங்காலம் வாக்கிங் வரும்போதெல்லாம் சார் சற்று நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவாராம்.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

"அப்ப உனக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லு."

"நல்லாருக்கே. ஓடிபிய யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு கடைச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கேன். நானே சொல்வேனா? சாரப் பேசச் சொல்லுங்க."

துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அவர் தவறிட்டாரு."

மறுமுனையில் பிரிண்டர் ஓடியது. யாரோ ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள்.

"இப்படித்தாங்க எல்லாரும் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தன் செத்துப்போன அப்பா அக்கவுண்டுன்னு அழுதான். சாயங்காலம் அந்த அப்பாவே கடைக்கு வந்து நிக்கிறாரு."

"நான் அவர் சம்சாரம்மா."

"அப்ப ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. சார் டீயில சர்க்கரை போட்டுக் குடிப்பாரா, போடாமயா?"

இதற்கா இவ்வளவு என்று இருந்தது அவளுக்கு. சற்றுப் பெருமையாகவே சொன்னாள்.

"போடாம. சுகர்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து கையால தொட்டதில்ல."

"தப்பு. போனை வைங்க."

அவளே வைத்துவிட்டாள்.

திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. பிறகு சிவப்பு எழுத்தில், ஓடிபி காலாவதியாகிவிட்டது என்று வந்தது.

அவர் கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண். அப்படித்தான் தொடங்கியது. ஆறவில்லை. விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை.

வீட்டில் அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். கேட்டதில் சந்தேகம் இருந்தது. எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவே கிடையாது என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சண்டை போட்டாள். நர்ஸ் வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கட்டிலில் இருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டாக்டர் தன்னைச் சந்தேகப்பட்டதற்காகத்தான் வருத்தப்படுகிறார் என்று அப்போது நினைத்திருந்தாள்.

மீண்டும் அனுப்பு என்ற பொத்தான் திரையில் தெளிந்து வந்தது. அதை அவள் தொடவில்லை. அவர் போனை எடுத்தாள்.

ரிங் வெகுநேரம் போயிற்று.

"திரும்பத் திரும்ப ஏங்க தொந்தரவு பண்றீங்க? அதான் ஓடிபி தர மாட்டேன்னு..."

"ஓடிபி வேணாம்மா," என்றாள். "எத்தனை ஸ்பூன் போடச் சொல்வாரு? அத மட்டும் சொல்லு."