அரை மணி தாங்கும்

ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர், பெண் பார்க்கப் போகிற தோரணையில், தனக்கு ஒரு யூபிஎஸ் தேடிக் கடைக்குப் போனது.

“கரண்ட் போனா நான் பத்து நிமிஷம் தாங்குவேன் சார்” என்றது ஒரு குட்டி யூபிஎஸ். “வேலையை சேவ் பண்ணிட்டு நீங்க நிம்மதியா தூங்கலாம்.”

“பத்து நிமிஷத்துல என்னய்யா பண்றது?” என்று முகம் சுளித்த கம்ப்யூட்டர், அரை மணி தாங்கும் குண்டு யூபிஎஸ்ஸை அழைத்து வந்தது.

மறுநாள் அந்த வீட்டுக் கோமளா டீச்சர் அதில் வினாத்தாள் தட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று பார்க்க வாசலுக்குப் போனவர், அங்கே பேச்சில் நின்றுவிட்டார். மேலே ஃபேன் நின்றது. யூபிஎஸ் கீ, கீ என்று கத்தியது. “சார், வினாத்தாளை சேவ் பண்ணிடுங்க.”

“அதுக்கு ஒரு நொடி போதும். அரை மணி இருக்கே” என்ற கம்ப்யூட்டர், ஃபேனை நிமிர்ந்து பார்த்தது. “என்னப்பா, நின்னுட்டியா? நான் யூபிஎஸ் பார்க்கப் போன கதையைக் கேளு.”

குட்டி யூபிஎஸ்ஸைக் கேலி செய்தது. கடைக்காரர் கும்பிட்டதை நடித்துக் காட்டியது. அரை மணி முடியப்போகும் நேரம், யூபிஎஸ் மூச்சுவிடாமல் கத்தத் தொடங்கியது.

“முக்கியமான இடத்துல கத்தாதே” என்று கம்ப்யூட்டர் அதட்டியபோதே திரை இருண்டது.

கரண்ட் வந்ததும் ஃபேன் சுற்றிக்கொண்டே கேட்டது: “அப்புறம் என்ன ஆச்சு?”

கம்ப்யூட்டர் தன் வயிற்றைத் துழாவிப் பார்த்தது. வினாத்தாள் இல்லை. வாசலில் டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டது.

அது யூபிஎஸ்ஸை முறைத்தது. “கடையில இருந்த உங்க அண்ணன் ஒரு மணி நேரம் தாங்குவாராமே. அவரைக் கூட்டிட்டு வந்திருக்கணும்.”