மேஸ்திரிக்குக் கிடைத்த பெட்

“மூச்சு வாங்கிட்டு இருக்கிறவரு இங்க கெடக்குறாரு. உக்காந்து இட்லி துன்றவருக்குத் தனி ரூமா?”

வசந்தா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

அவள் புருஷன் சுப்ராயன், மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவன். நிமோனியா என்று சேர்த்து இரண்டு நாள் ஆகிறது. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். அவன் இருமினால் இரும்புக் கட்டிலும் சேர்ந்து ஆடியது.

பக்கத்துக் கட்டிலில் சிங்காரம். அதே உப்பளத்தில் மேஸ்திரி. அவருக்கும் அதே நிமோனியாதான். ஆனால் மனுஷன் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “இன்னிக்கு எத்தினி பேர் வந்தாங்க? தண்ணி பாய்ச்சியாச்சா?” என்று போனில் வேலையாட்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

ஆக்சிஜன் மிஷின் வைத்த தனி அறையில் ஒரே ஒரு பெட் காலியாகியிருந்தது. காலையில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பத்து மணிக்கு ரிசல்ட் வந்தது. வந்த சூட்டோடு நர்ஸ் யுவராணி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்து மேஸ்திரியை ஏறச் சொன்னாள்.

“எனக்கு எதுக்கு சிஸ்டர்? நல்லாத்தானே இருக்கேன்?” என்று அவரே கேட்டார்.

அதைக் கேட்டதும்தான் வசந்தாவுக்குப் பொங்கிவிட்டது. டாக்டர் கௌதமன் சத்தம் கேட்டு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

“அம்மா, இருமலை மட்டும் வெச்சு இதை முடிவு பண்ண முடியாது. உள்ள நோய் முத்துதுன்னா ரத்தத்துல முன்னாடியே தெரியும். சி.ஆர்.பி., புரோகால்சிடோனின்னு டெஸ்ட் இருக்குது. உங்க வீட்டுக்காரருக்கு நேத்தைக்கு இன்னிக்கு அந்த அளவு நல்லா இறங்கியிருக்குது. மருந்துக்குக் கேக்குது. மேஸ்திரிக்கு மூணு மடங்கு ஏறியிருக்குது. எந்நேரமும் மூச்சு திணறலாம்.”

“ரத்தம் ஜோசியம் சொல்லுதா சார்?”

“அதை மட்டும் நம்பி விட்டுட மாட்டோம்மா. ஆக்சிஜன் அளவை மணிக்கொரு தடவை பாத்துகிட்டே இருப்போம். இவருக்கு முடியலைன்னா புதுச்சேரிக்கு அனுப்பிடுவேன். இப்போ அந்த பெட் அவருக்குத்தான்.”

போய்விட்டார்.

வசந்தாவுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. கொரோனா சமயத்தில் அவள் அண்ணன் பெட் கிடைக்காமல் ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்சிலேயே போய்ச் சேர்ந்தவன். ‘கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க’ என்று அன்றைக்கும் இப்படித்தான் சொன்னார்கள்.

“நல்லாக் கேட்டேம்மா!” என்றார் எதிர்க்கட்டில் பெரியவர். கீழ்புத்துப்பட்டு அப்பாதுரை. அவருக்கும் நெஞ்சுச் சளிதான். பக்கத்தில் ஆள் இல்லையே என்று வசந்தாதான் இரண்டு நாளாகத் தன் தூக்குச் சட்டியில் இருந்து அவருக்கும் கஞ்சி ஊற்றினாள்.

“இந்த டாக்டருக்கு ஈவு இரக்கமே கெடையாது. நானுந்தான் அந்த ரூமைக் கேட்டேன். ‘உங்களுக்குத் தேவைப்படாது’ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டான்.”

“மேஸ்திரிக்கு மேலிடத்துல ஆள் இருக்கும் பெரியவரே. சிபாரிசு இல்லாம இந்தக் காலத்துல என்னா நடக்குது?” என்று நொந்துகொண்ட வசந்தா, கையோடு ஊர்ப் பஞ்சாயத்து மெம்பருக்கு போன் போட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள்.

மெம்பரும் சொன்னார். டாக்டர் அவருக்கும் அதே பதிலைத்தான் சொன்னார்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். தனி அறைப் பக்கம் திடீரென்று ஆட்கள் ஓடினார்கள். போனில் அதட்டிக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு வாய் திறந்து ஒரு வார்த்தை வரவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. மிஷினைப் போட்டு, இரண்டு மணி நேரம் டாக்டர் அந்த அறையை விட்டு அசையவில்லை.

வெளியே வந்த யுவராணி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். “இங்கயே இருந்திருந்தா இந்நேரம் எதுவும் நம்ம கையில இருந்திருக்காதுக்கா.”

வசந்தா புருஷன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு குறைந்துதான் இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் சுப்ராயன் எழுந்து உட்கார்ந்து மீன் குழம்பு கேட்டான். ஐந்தாம் நாள், பிழைத்துக்கொண்ட மேஸ்திரியைப் பழைய கட்டிலுக்கே கொண்டு வந்தார்கள். அன்றைக்கே சுப்ராயனுக்கும் டிஸ்சார்ஜ்.

வசந்தா துணிமணியைப் பையில் திணித்தபடி பெரியவரிடம் சொன்னாள்.

“டெஸ்ட்டு சொன்னது சரிதான், நான் ஒத்துக்கிறேன். அந்த டாக்டர் புள்ளையப் போயித் திட்டிட்டோமேன்னு மனசு கேக்கலை. ஆனா ஒண்ணு பெரியவரே. இந்த ரூல்ஸ் எல்லாம் நம்மள மாதிரி ஆளுக்குத்தான். அவரு வீட்டு மனுஷங்களா இருந்தா ரத்தமாவது, டெஸ்டாவது? நேரா அந்த ரூம்ல கொண்டு போயிப் படுக்க வெச்சிருப்பாரு.”

யுவராணி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

பெரியவர் இருமிக்கொண்டே சிரித்தார்.

“அப்படி நெனச்சுத்தாம்மா நானும் இங்க வந்து படுத்தேன். பெத்த அப்பனுக்கே குடுக்கலையே அந்தப் பய!”