நாளைய பிரசங்கம்

"பாஸ்டர், பெரிய பாவம் பண்ணினா ரட்சிப்பு போயிடும், நரகம்தான்னு நாளைக்கு ஒரு பிரசங்கம் பண்ணுங்க."

இளம் போதகரின் கையிலிருந்த குட்டிக் கண்ணாடிக் கிண்ணம் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம். ஆலயத்தின் பின்னறையில் மறுநாள் திருவிருந்தில் திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கும் கிண்ணங்களைச் சபை மூப்பரின் மனைவி கழுவிக் கொடுக்க, போதகர் துடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். இந்தச் சபைக்கு அவர் புதுசு. இந்த அம்மாளும் வேலை முடியும்வரை வாயே திறக்காத ரகம்.

"என்ன சொன்னீங்க அக்கா?"

"போன வாரம் ரட்சிப்பு போகாதுன்னு சொன்னீங்கள்ல, அதை மாத்திச் சொல்லுங்க."

மாற்றிச் சொல்வதாம்! கடையில் வாங்கிய செருப்பா, அளவு சேரவில்லை என்று மாற்றிக் கொடுக்க? அந்தப் பிரசங்கத்துக்காக அவர் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்! குழந்தை அப்பாவின் விரலைப் பிடித்தால் நழுவிவிடும், அப்பா குழந்தையின் கையைப் பிடித்தால் நழுவாது, கடவுளும் அப்படித்தான் என்று அவர் சொன்னபோது, சபையில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

"அக்கா, நாம சம்பாதிச்சதா இருந்தா நாம தொலைக்கலாம். இது ஆண்டவர் சும்மா குடுத்தது. அவர் திருப்பி வாங்கமாட்டார்."

"திருடினாலும்?"

"திருடினாலும்."

"கொலை பண்ணினாலும்?"

"நிஜமான விசுவாசி மனந்திரும்பிடுவான்."

"அவன் திரும்புறதுக்குள்ள செத்தவன் செத்தவன்தானே?"

"ஆண்டவர் அவனைத் தண்டிப்பார், திருத்துவார். ஆனா பிள்ளைங்கிற உறவு அறுந்து போகாது."

"எப்போ தண்டிப்பார்?"

"அது அவர் சித்தம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும்னா?"

அவள் அடுத்த கிண்ணத்தை எடுத்துத் தேய்த்தாள், கறையே இல்லாத கிண்ணத்தை.

"கனி குடுக்காத கிளையை வெட்டி நெருப்புல போடுவாருன்னும் அதே பைபிள்லதானே இருக்கு?" என்றாள்.

"அது ஆரம்பத்துலேருந்தே பட்ட கிளைன்னு அர்த்தம்."

"பார்த்தா பச்சையாத்தானே தெரியுது."

போதகருக்குப் பொறுமை போனது. அடுத்தவன் தண்டனையில்லாமல் தப்பித்தால் வயிறு எரிகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"யார் மேல அக்கா உங்களுக்கு இவ்வளவு கோபம்? யார் நரகத்துக்குப் போகணும்?"

"யாரும் போக வேண்டாம். போயிடுவோமோன்னு ஒரு பயம் இருந்தா போதும்."

"பயத்துல வர்ற பக்தி பக்தியே இல்லை."

"பக்தி யாருக்கு வேணும்?"

தூக்கிவாரிப் போட்டது போதகருக்கு. ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்காரும் பெண்ணின் வாயிலிருந்து வருகிற பேச்சா இது? மூப்பர் வீட்டிலேயே இந்த லட்சணம் என்றால் ஊரைத் திருத்துவது எங்கே?

"நாம அடுத்த வாரம் பொறுமையா உட்கார்ந்து பேசலாம்."

"அடுத்த வாரம் வரைக்கும் தாங்காது. நாளைக்கே சொல்லணும். பழைய பாஸ்டர் சொல்லிட்டுத்தானே இருந்தார்?"

"சொல்லிச் சொல்லி எல்லாரையும் நடுங்க வச்சிட்டுப் போனார். வேற யாரும் வேண்டாம், உங்க வீட்டுக்காரரையே கேளுங்க. ஆராதனை முடிஞ்சதும் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார். 'இத்தனை வருஷமா கழுத்துல கிடந்த கயிறு அறுந்துச்சு பாஸ்டர்'னார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷனே அப்படிப் பயந்து கிடந்திருக்கார்னா, மத்தவங்க கதி என்ன? அவர் நிம்மதி உங்களுக்குப் பொறுக்கலையா?"

சொல்லிவிட்டு, கொஞ்சம் அதிகப்படிதானோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் குழாயை மூடினாள்.

"அப்போ மாத்திச் சொல்லமாட்டீங்க?"

"நான் நம்பாததை மேடையில நின்னு எப்படிச் சொல்வேன்? பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"சொல்லுங்களேன். பொய் சொன்னாலும் உங்க ரட்சிப்புதான் போகாதே!"

அவருக்கு முகம் சிவந்தது. என்ன வாய் இது! ஆனால் அவள் கிண்டல் செய்யவில்லை. கெஞ்சிக்கொண்டிருந்தாள் என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அக்கா... அப்படி எதுக்குத்தான் இந்தப் பயம் வேணும்?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"கல்யாணமான புதுசுல பழைய பாஸ்டர் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, 'இன்னொரு தடவை அவ மேல கை வச்சா உன் ரட்சிப்பு போச்சு'ன்னு சொன்னார். அன்னிக்கோட நின்னுச்சு. போன ஞாயிறு உங்க பிரசங்கத்தைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்தவர், சர்ச்சுக்குப் போட்ட சட்டையைக்கூடக் கழட்டலை. எனக்கு இது புதுசில்ல பாஸ்டர். என் பொண்ணுக்குப் பதினோரு வயசு. அப்பா அடிப்பார்ங்கிறதே போன ஞாயிறு வரைக்கும் அவளுக்குத் தெரியாது."