குளத்துக்கு எத்தனை படி

“உங்க அப்பா பேரு என்னங்க?” என்று கேட்டாள் நாகம்மை.

பெண்டாட்டிக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார் கருப்பையா. பெற்ற தகப்பனின் பெயர் உதடு வரைக்கும் வந்துவிட்டது. அதைக் கடித்து விழுங்கிவிட்டு, “வை... வைத்திலிங்கம்” என்றார்.

“எச்சி முழுங்காம சொல்லுங்க. அப்பன் பேரச் சொல்ல யாராச்சும் யோசிப்பாங்களா?”

யோசிக்காமல் எப்படி? வைத்திலிங்கம், காரைக்கால் கரியமாணிக்கத்தைப் பெற்றவர். கரியமாணிக்கம் பிரெஞ்சுப் பிரஜை. போன வருஷம் இங்கே சைகோனில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவருடைய காகிதங்கள் மட்டும் சாகாமல், தரகர் சுப்புராமன் மூலமாகக் கருப்பையாவின் கைக்கு வந்திருந்தன.

கருப்பையாவின் ஊர் காரைக்காலிலிருந்து ஒரு நாள் நடை. நடந்ததுதான் இல்லை. அந்த ஒரு நாள் தூரத்துக்குள் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிட்டுவிட்டது. வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடிவிட்ட இந்த முப்பத்தொன்றாம் வருஷத்தில், பிரெஞ்சுக்காரன் ஆளும் இந்த ஊரில் பிரெஞ்சுப் பிரஜைக்கு சர்க்கார் உத்தியோகம் உண்டு. இங்கிலீஷ் பிரஜைக்கு மாரியம்மன் கோயில் சுண்டல் உண்டு.

காகிதத்துக்கு உரியவர்தானா என்று பத்து மணிக்கு விசாரணை. அகப்பட்டால் ஜெயில், அப்புறம் ஊருக்குக் கப்பல். நாகம்மை இங்கே தனியாக.

காகிதத்தோடு சுப்புராமன் ஒரு நோட்டும் கொடுத்திருந்தார். காரைக்கால் தெரு, கோயில், குளம் எல்லாம் கேள்வியும் பதிலுமாக. “இருவது வருஷமா ஓடுற நோட்டு. இதப் படிச்சவன்லாம் மெத்த வச்ச நாக்காலியில உக்காந்திருக்கான்” என்று நெற்றி நிறைய விபூதியோடு சத்தியம் செய்தார்.

முதல் வாரம் கருப்பையா அதை முப்பது தடவை சத்தம் போட்டுப் படித்தார். வாசலில் மீன்சாறு விற்கும் இந்த ஊர் அன்னாமியக்காரிக்குக்கூட மனப்பாடமாயிற்று, அவருக்கு ஆகவில்லை.

அப்புறம்தான் நாகம்மை நோட்டைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள். சோறு போடும்போது ஒரு கேள்வி, சவரம் செய்யும்போது ஒரு கேள்வி. தப்பாகச் சொன்னால் அப்போதே திட்டு. மூன்றாம் நாள் எதிர்பாராத நேரத்தில் அதே கேள்வி.

“பெரிய கொளத்துக்கு எத்தன படி?”

“பதினொன்னு. நாலாம் பக்கம்.”

“பக்கத்தச் சொன்னா நேரா ஜெயிலுதான். கண்ண மூடிக்கிட்டு எறங்குங்க. மூணாவது படி ஒடஞ்சது. அஞ்சாவதுல துணி தொவைப்போம். ஒம்பதாவதுல காலு நனையும். அதுக்குக் கீழ வெறும் சேறு.”

“நோட்டுல பதினொன்னுன்னுல்ல...”

“பன்னெண்டு வயசுல கப்பலேறுற வரைக்கும் நான் துணி தொவச்ச கொளங்க அது. அந்தத் தரகன் காரைக்காலக் கண்ணால பாத்திருக்கானா? எனக்கு மிச்ச ஊரு தெரியாது, அதுக்கு நோட்டு. கொளத்துக்கு நான்.”

கருப்பையாவுக்கு இப்போது பயம் இரண்டாயிற்று. ஒன்று, மறந்துவிடுமோ என்று. இன்னொன்று, எதை மறப்பது என்று.

விசாரணை செய்தவர் முசியே லூயி சவரிராயன். உடம்பெல்லாம் கோட்டு, கோட்டின்மேல் பதக்கம், பதக்கத்துக்கு மேலே மீசை. கதவோரம் விலங்கோடு ஓர் அன்னாமியச் சிப்பாய். முன்னால் போன ஆளை அந்த விலங்கோடுதான் இழுத்துக்கொண்டு போனார்கள். கருப்பையா கண்ணால் பார்த்தார்.

“உண்மையான காரைக்கால்காரனுக்கு என்னய்யா பயம்?” என்று முசியே மீசையைத் தடவினார். “நான் அந்த மண்ணுல பொரண்டவன். காலடி மண்ண மோந்து பாத்தே எந்தத் தெருன்னு சொல்லிருவேன்.”

அப்பா பெயர் வந்தது. தெரு வந்தது. கோயில் வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் சட்டை இன்னும் கொஞ்சம் முதுகோடு ஒட்டியது.

“பெரிய கொளத்துக்கு எத்தன படி?”

கருப்பையா கண்ணை மூடினார். உடைந்த மூன்றாம் படியைத் தாண்டினார். ஐந்தாவதில் சவுக்கார நுரை வழுக்கியது. கால் நனைந்தது.

“ஒம்பது.”

சொன்ன பிறகுதான் நோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

மேஜை அதிர்ந்தது. “பதினொன்னு! அந்தக் கொளத்துல நீச்சல் படிச்சவன்யா நான்! தெனம் எண்ணி எண்ணி எறங்கினவன்! எங்கிட்டயே ஒம்பதுங்கிற?”

சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது, சத்தம் புரிந்தது. விலங்கோடு நெருங்கினான்.

கருப்பையாவின் கண் விலங்கிலேயே இருந்தது. பதினொன்று. அந்தக் குளத்துக்குப் பதினொரு படி இருப்பது உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில்தான்.

கண்ணை விலங்கிலிருந்து எடுத்தார்.

மேஜைமேல் குனிந்து, “நாலாம் பக்கமுங்களா, முசியே?” என்று மெல்லக் கேட்டார்.

மீசைக்குப் போன முசியேயின் கை பாதியில் நின்றுவிட்டது. சிப்பாயை வெளியே போகச் சொன்னார். தானே எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். திரும்பி வந்தவர் தன் மெத்தை நாற்காலிக்குப் போகவில்லை. கருப்பையாவின் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஏன்யா... அந்த நோட்டுல வேற என்னென்ன தப்பு?”