பட்டியலில் ஒரு வெள்ளைச் சட்டை

சோளக்காட்டில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்த பொம்மையிடம் ஓர் ஆடு வந்தது. அதன் வாயில் பாதிக் காகிதம் தொங்கியது.

"என்ன திங்கிறே?"

"விவசாய மானியப் பட்டியல் அண்ணே. எல்லாரும் பாக்கணும்னு ஊராட்சி ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருந்தாங்க. மைதாப் பசை, நல்ல ருசி."

"எல்லாரும் பாக்கவா? ஆட்டுக்கு எட்டுற உயரத்துலயா?"

"எனக்கும் அதான் புரியல."

"இந்தக் காட்டை உழுத நம்ம சின்னாண்டி பேரு இருக்கா?"

"இல்லண்ணே. 'சாகுபடி செய்பவர்: வெள்ளைச் சட்டைக்காரர். நேரில் கண்டோம்'னு இருந்துச்சு."

பொம்மை குழம்பிப்போனது. போன மாதம் கணக்கெடுக்க வந்த அதிகாரிகளின் ஜீப் ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனது. அப்போது காட்டில் நின்றது பொம்மை மட்டும்தான். அவசரமாகச் சட்டைப்பையைப் பார்த்தது. வைக்கோல்தான் இருந்தது.

"அப்போ என் பணத்தை யாரு வாங்கினா?"

"அந்த வரியைத்தான் இப்ப முழுங்கினேன்."

தூரத்தில் அதே ஜீப் சத்தம் கேட்டது. காலையிலேயே பட்டியலைப் படித்துவிட்டிருந்த சின்னாண்டி ஓடிவந்தார். பொம்மையின் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டார். பிறகு அதன் பக்கத்தில் இரண்டு கைகளையும் விரித்து, அசையாமல் நின்றார்.