தேய்க்காமல் ஒத்தி எடுப்பது

"தேய்க்காத, ஒத்தி எடு," என்றாள் அத்தை, குளியலறை வாசலில் நின்றபடி.

மருமகள் தேய்க்கவில்லை. தேய்க்க மாட்டாள் என்று தெரிந்தும் அத்தை தினமும் இதைச் சொல்வாள். மருமகளும் தினமும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவாள்.

முகப்பூச்சைக் கலைக்க முதலில் கண்கள். பஞ்சை எண்ணெயில் நனைத்து மூடிய இமைமேல் வைத்து, மை தானாக இளகும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு உதடு. கன்னம் கடைசியில். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத நுரை, அதற்குப் பிறகு துணி.

துவைத்துத் துவைத்து நைந்துபோன தலையணை உறையிலிருந்து அத்தை வெட்டிக் கொடுத்த துணி அது. பச்சைக் குழந்தைக்குக்கூட இவ்வளவு மெத்தென்று கிடைக்காது என்று அத்தைக்குப் பெருமை.

இந்த முறையெல்லாம் அத்தை ஆஸ்பத்திரியில் கேட்டு வந்தது. மருமகளுக்கு லீவு கிடைக்காது என்று தானே போய் வரிசையில் நின்றாள். ஆளைக் கூட்டிவராமல் எப்படி மருந்து தருவது என்று தோல் டாக்டர் சலித்துக்கொண்டாராம். அத்தை போனில் இருந்த படத்தைக் காட்டிவிட்டு, அவர் எழுதித் தரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.

அத்தையின் வாய் ஒன்றும் தேன் அல்ல. ஊர் முகத்தையெல்லாம் மினுக்குகிற கடையில் வேலை, உன் மூஞ்சி மட்டும் ஏன் தோலுரித்த தக்காளி மாதிரி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டுக்கொண்டே போய்த்தான் மருந்தும் வாங்கி வந்தாள். சிலருக்கு அன்பு அப்படித்தான் வரும், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

அந்தக் கடை, பெரிய அங்காடி ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வாசல் பக்கம் உயரமான முக்காலி. அதில் அவள் உட்கார வேண்டும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் முதலில் பார்ப்பது அவளுடைய வலது கன்னத்தைத்தான்.

அந்தச் சம்பளத்தில்தான் இப்போது வீடு நடக்கிறது. லாரி ஓட்டும் கணவன் காலில் கம்பி வைத்துக் கட்டிலில் கிடக்கிறான்.

இன்று மேலாளர் அவள் முகத்தருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். நாளைக்கும் இதே முகத்தோடு வந்தால் முக்காலிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

வீட்டில் அவள் அதைச் சொல்லவில்லை.

அத்தை அவளை விளக்கடிக்கு இழுத்துப் போனாள். களிம்பை மோதிர விரலில் எடுத்தாள். அந்த விரல்தான் அழுத்தாது என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு கன்னத்திலும் புள்ளி புள்ளியாக வைத்தாள். மாமியாரும் மருமகளும் இப்படிக் கொஞ்சிக்கொண்டால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று கட்டிலில் இருந்தவன் கேலி செய்தான்.

அத்தையின் உதடு வேண்டுதலில் அசைந்துகொண்டிருந்தது. தனக்கென்று கடவுளிடம் எதையும் கேட்டுப் பழகாதவள். மகனின் காலுக்கு அடுத்தபடியாக இந்தக் கன்னங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விரல் நின்றது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"சிவப்பே இல்லடி. ரெண்டு பக்கமும் இல்ல. சாமி கேட்டுடுச்சு."

மருமகள் சுவர்க் கண்ணாடியில் பார்த்தாள். உண்மைதான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருந்த சிவப்பு போயிருந்தது. தன் முகம் இப்படியும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அத்தை விளக்கை அணைத்துப் படுக்கப் போகும்வரை அவள் சிரித்த முகமாகவே இருந்தாள்.

பிறகு குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள்.

க்ரீம் விற்கிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். முக்காலிக்கு அவளைத் தேர்ந்தெடுத்ததே அந்தச் சிவப்புக்காக. கூட்டம் சேர்ந்ததும் விற்பனைப் பெண் அவள் முகப்பூச்சைத் துடைப்பாள். எரிந்து சிவந்த கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, எவ்வளவு மோசமான சருமம் பாருங்கள் என்பாள். யாராவது ஒருத்தி உச்சுக் கொட்டுவாள். விற்பனைப் பெண் கன்னத்தின்மேல் நிறம் கலந்த க்ரீமைத் தடவுவாள். சிவப்பு மறையும். கூட்டம் வாங்கும்.

மறைக்கச் சிவப்பு இல்லாவிட்டால் அவள் எதற்கு?

துணி துவைக்கும் சோப்பை எடுத்தாள். பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்தாள். சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். கடவுளே என்றாள். மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை. இப்போதுதான் ஒன்றைக் கொடுத்திருந்தார்.

தேய்த்தாள்.

வலது கன்னம் சீக்கிரமே சிவந்தது. நாரை இடது கன்னத்துக்குக் கொண்டுபோனவள் நின்றாள். அங்கே களிம்பு இன்னும் அத்தை வைத்த புள்ளியாகவே இருந்தது.

கூட்டம் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

நாரைக் கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

கூடத்தில் அத்தைக்குப் பக்கத்தில் வந்து, இடது கன்னம் மேலே இருக்கும்படி படுத்தாள். அத்தை தூங்கவில்லை. இருட்டில் துழாவி வந்த கை, மோதிர விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டது.

"பாத்தியா, சூடுகூட இல்ல."

"ஆமா அத்தை."

கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு தூக்கத்தில் நழுவியது. வலது கன்னம் தலையணை உறையில் ஒட்டிக்கொண்டு எரிந்தது.

அவள் திரும்பிப் படுக்கவில்லை.