கம்பெனி செய்யாத தோட்டா

ரேஞ்சர் பிரேம்குமார் டீப்பாயின் மேல் வைத்த காலித் தோட்டாவைப் பார்த்ததுமே, அது எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று சிங்காரவேலுவுக்குத் தெரிந்துவிட்டது.

தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். செந்துறையில் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்த ஒரே மனிதர் தான்தான் என்று நம்புகிறவருக்கு அது லேசான காரியமில்லை.

முந்தாநாள் விடியலில் அவருடைய மக்காச்சோளக் காட்டில் ஒரு புள்ளிமான் சுடப்பட்டுக் கிடந்தது. வரப்பில் இந்தத் தோட்டா. மாட்டினால் ஜெயில்தான். அதனால் வாயையே திறக்கக் கூடாது என்று மனைவி வளர்மதி காலையிலிருந்து ஏழு தடவை சொல்லியிருந்தாள்.

நல்லவேளை, தோட்டாவே அவரைக் காப்பாற்றியது. அதன் அடியில் கம்பெனி குத்திய அளவு நம்பர் 315. சிங்காரவேலுவின் லைசென்ஸில் இருப்பதோ வேறு நம்பர். அரியலூர், பெரம்பலூர் பக்கம் 315 துப்பாக்கி வைத்திருப்பவர்களை விசாரிக்கப் போவதாகச் சொல்லி, காபியைக் குடித்துவிட்டு ரேஞ்சர் எழுந்தார்.

வாசல் வரை போனவர் தோட்டாவை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

“வாயப் பாருங்க சார், நசுங்கிப்போயி கெடக்கு. எவனோ அரைகுறை செஞ்ச வேலை போலருக்கு.”

அரைகுறையா!

சிங்காரவேலுவின் காது மடல் சிவந்துவிட்டது. ஜெயிலாவது ஒன்றாவது. ரேஞ்சரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார்.

இது நசுங்கியதல்ல, அளவெடுத்து ஒடுக்கியது. இதற்குப் பெயர் வைல்ட்கேட். எந்தக் கம்பெனியும் இதைச் செய்து விற்பதில்லை. விற்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அது வைல்ட்கேட்டே இல்லை. வேறொரு தோட்டாவின் கூட்டை எடுத்து, வாயை ஒடுக்கி, சன்னமான குண்டை வைத்து, ஆசைப்பட்டவனே செய்துகொள்ள வேண்டும். அடியில் இருக்கும் நம்பர் பழைய கூட்டினுடையது. அதை நம்பி ஊர் ஊராக அலைகிறவன் மடையன். இதற்கென்றே குடைந்த துப்பாக்கியில்தான் இது நுழையும்.

ரேஞ்சர் நம்பாததுபோல உதட்டைப் பிதுக்கினார்.

பீரோ திறந்தது. துப்பாக்கி வந்தது. காலித் தோட்டா உள்ளே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இரண்டு மாவட்டத்துக்கும் இது ஒன்றுதான் என்றார் சிங்காரவேலு. ரேஞ்சர் அதையும் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

இருநூறு அடி தூரத்தில் ஒரே குண்டு, அதுவும் சரியாகக் கழுத்தில். இப்படிக் குறி பார்த்துச் சுட்டது யார் என்று கடைசியாகக் கேட்டார்.

“நாந்தாங்க. இந்த ஊர்ல வேற யாருக்குங்க அந்தக் கை?”

சட்டைக் காலரை நீவி விட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளைபோல ரேஞ்சரின் ஜீப்பில் ஏறினார் சிங்காரவேலு.

வளர்மதி சமையலறை வாசலில் நின்று, முந்தாநாள் துப்பாக்கி உதைத்துக் கன்றிப்போயிருந்த தன் வலது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக அவள் சுட்டதையெல்லாம் தான் சுட்டதாகத்தான் அவர் ஊருக்குச் சொல்லி வந்திருக்கிறார்.

இன்றைக்கு மட்டும் மறுத்துப் பேசுவானேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.